பாலாற்றங்கரைப் பழக்கங்களை அழியாமல் வைக்க எங்கே தொடங்குவது?

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது இரு கரை தொட்டு ஓடும், மற்றபடி மணலும் சீமைக் கருவேலமும்தான். தண்ணீர் போனால் அதைச் சுற்றியிருந்த பேச்சும் வேலையும் ஒரு தலைமுறையில் போய்விடும், அதனால் இப்போதே இறங்குங்கள்.

முதலில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் பாலாறு 222 கிலோமீட்டர். உங்கள் ஊர்ப் பாலத்திலிருந்து அடுத்த ஊர்ச் சுடுகாடு வரை போதும்.

அப்புறம் எழுபது வயது தாண்டியவர்களிடம் போங்கள். "ஆத்தைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்றால் "அப்பல்லாம் தண்ணி ஓடும்பா" என்பதோடு நின்றுவிடும். ஊற்று எங்கே தோண்டினீங்க, எத்தனை முழத்தில் தண்ணி வந்தது என்று கேளுங்கள். எங்கள் ஆயா கையாலேயே மணலைப் பறித்து, முதலில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்கச்சியால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, தெளியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, அப்புறம்தான் குடத்தில் மொள்ளுவார். முழங்கை ஆழத்தில் தண்ணீர்! அதே இடத்தில் இன்று மணல் அள்ளிய பள்ளம், அடியில் களிமண் தெரிகிறது. யார் எந்த ஊற்றில் மொள்ளக்கூடாது என்று இருந்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள், சாதியை மறைத்துவிட்டு எழுதினால் அது பாதி உண்மைதான்.

ஆறு என்றால் கால்வாயும் ஏரியும் சேர்ந்ததுதான். வாலாஜாபேட்டை பக்கம் 1858இல் கட்டிய அணைக்கட்டிலிருந்துதான் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது, ஏரியோ பல்லவர் காலத்தது. உங்கள் ஊரில் நீர்க்கட்டி வேலை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்து பங்கிடும் வேலை, பார்த்தவர் இருந்தால் அவரோடு கால்வாய் முழுக்க நடந்து, மதகும், ஏரி நிரம்பினால் வழியும் கலிங்கும் இருந்த இடங்களைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டையும் பார்த்து சர்வே எண்ணைச் சேருங்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம், மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருவிழா விஷயத்தில் நிதானம் வேண்டும். சிவராத்திரி முடிந்து வேலூரில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் கூடுகிற ஜனமும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பாலாற்றில் சேரும் கௌண்டன்ய ஆற்றங்கரையில் கூடுகிற ஜனமும்தான் இன்னும் ஆற்றை நம்ம ஆறு என்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிராகப் பலகை மாட்டாதீர்கள். ஒரு மாதம் முன்பே விழாக் குழுவிடம் போய், குப்பைக்கு எந்த இடம், மறுநாள் யார் அள்ளுவது என்று பேசுங்கள், அள்ள நாங்களும் ஆள் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசினால் காது கொடுப்பார்கள்.

தோல் தொழிலையும் விட்டுவிடக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவு ஆற்றைக் கெடுத்தது, அந்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. ஆனால் தோல் ஊறும் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்க்கையும் இந்த ஆற்றின் கதைதான். எந்த வருஷம் கிணறு உப்புக் கரிக்க ஆரம்பித்தது என்று அவர்களைக் கேளுங்கள். பெயர் போட அவர்கள் சம்மதித்தால் மட்டும் போடுங்கள், வேலைக்கு ஆபத்து வரக்கூடாது.

பதிவு எல்லாவற்றையும் ஒரே போனில் வைத்திருக்காதீர்கள். ஊர் நூலகத்தில் ஒரு பிரதி, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சொன்னவர் வீட்டில் ஒன்று. அவர் வீட்டில் கொடுக்கும்போது உட்கார்ந்து ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், விட்டுப்போனது பாதி அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்.