டிக்கெட் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் வராதுங்க

கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறத்தாழ 3,170 கிலோமீட்டர். விமானம் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும்னு வைத்து, 850-ஆல் வகுத்தால் 3 மணி 45 நிமிடம். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்து போக அரை மணி முதல் முக்கால் மணி சேருங்க. ஆக, சுமார் நாலரை மணி நேரம். டிக்கெட்டிலோ போகும்போது ஏழு மணி நேரம்போலத் தெரியும், திரும்பும்போது இரண்டே மணி! டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தி. போகையில் அதைக் கழிக்கணும், வருகையில் கூட்டணும்.

பலர் கோட்டை விடுவது தேதியில்தான். விமானம் 15-ம் தேதி 00:40 (நள்ளிரவு தாண்டி 12.40) என்றால் 14-ம் தேதி இரவு 9.30-க்கே விமான நிலையத்தில் நிற்கணும். ஈரோட்டுக்காரர்கள் பெருந்துறை, அவிநாசி வழியாக வர இரண்டு மணி நேரம் தனியாக ஒதுக்குங்க.