மார்சேய்க்கு வருகிறவர்களே, காற்றைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பிரான்சின் தென்கரை ஊரான மார்சேயின் பழைய துறைமுகத்தில் படகு டிக்கெட் கவுன்ட்டர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வரிசையில் தமிழ் கேட்டது. அப்பா, அம்மா, பள்ளிக்கூட வயதில் ஒரு பையன். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அந்தப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். இஃப் தீவில் இன்று இறங்க முடியாது, ஃப்ரியூல் தீவுகளுக்கு மட்டும் படகு என்று எழுதியிருந்தது.

“வானம் இவ்வளவு தெளிவா இருக்கே, ஏன் போகாது?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். மதியம் 3 மணிக்கு அவர்களுக்குப் பாரிஸ் ரயில். மூன்று நாளாக ஊரில்தான் இருந்திருக்கிறார்கள். இஃப் தீவில் இருக்கும் கோட்டையைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் சுற்றிக் காட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்தால் இன்னும் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பையைப் பத்திரமாக வையுங்கள், நல்ல செருப்பு போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கடலைக் கடைசி நாளுக்கு வைப்பது

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் தாய்மாமா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். வயது 71. சின்ன வயதில் அலெக்சாந்தர் துமாவின் மான்டி கிறிஸ்டோ கதையைத் தமிழில் படித்தவர். கதாநாயகன் எத்மோன் தாந்தேஸ் அடைபட்டுக் கிடந்த இஃப் கோட்டையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஐம்பது வருட ஆசை. கதை கற்பனைதான். ஆனாலும் கோட்டைக்குள் தாந்தேஸின் அறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், பக்கத்து அறைக்குப் போகும் ஓட்டை உட்பட. மாமாவுக்கு அந்த ஓட்டையைப் பார்க்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? நல்லதைக் கடைசியில் காட்டலாம் என்று மூன்றாம் நாளுக்கு வைத்தேன். முதல் நாள் மலை மேல் இருக்கும் நோத்ர் தாம் த லா கார்த் கோயில். இரண்டாம் நாள் அருங்காட்சியகம். அந்த இரண்டு நாளும் கடல் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. டிக்கெட் கவுன்ட்டரை நான்கு தடவை கடந்து போனோம். வரிசைகூட இல்லை.

மூன்றாம் நாள் காலை மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தயாராக நின்றார். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். தெருவில் இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. “நம்ம ஆரல்வாய்மொழிக் காத்துல்லா இது, மாப்ளே” என்றார் மாமா. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து காற்று எப்படி வேகம் பிடிக்கிறதோ, அதே மாதிரி ஆல்ப்ஸ் மலைக்கும் நடு பிரான்சின் மலைப்பகுதிக்கும் இடையில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்ந்த காற்று தெற்கே பாய்கிறது. அதற்குப் பெயர் மிஸ்த்ரால். பலமாக அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். நாள்கணக்கில் விடாமல் அடிப்பதும் உண்டு.

வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். நமக்குப் பலத்த காற்று என்றால் கூடவே மேகமும் மழையும் வரும். மிஸ்த்ரால் மேகத்தை விரட்டிவிடும். மார்சேயில் வானம் மிகமிகத் தெளிவாக இருக்கும் நாள்தான் பல சமயம் படகு போகாத நாள். கைபேசியில் வெறும் சூரியன் படத்தைப் பார்த்துவிட்டு நாள் குறித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இஃப் ஒரு பாறைத்தீவு. படகு வந்து அணைகிற சின்னத் துறையில் அலை ஏறி இறங்கினால் ஆளை இறக்க முடியாது. அதனால் படகு அங்கே நிற்காமல் நேராக ஃப்ரியூலுக்குப் போய்விடும். காற்று இன்னும் கூடினால் அதுவும் இல்லை. நாங்கள் ஃப்ரியூல் படகில் ஏறினோம். கோட்டையைக் கடந்து போகும்போது மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தண்ணீர் தெறித்துச் சட்டை முழுக்க நனைந்தது. கோட்டையின் வட்டக் கொத்தளங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன, பின்னால் போயின. அவ்வளவுதான். மறுநாள் அதிகாலை லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவருக்கு விமானம். அதற்கு அடுத்த வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை, அதோடு நீண்ட பயணங்கள் நின்றுவிட்டன. டிக்கெட் காசு போனால் சம்பாதித்துவிடலாம். அந்த இரண்டு அமைதியான நாளை நான் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

இத்தனைக்கும் அது சும்மா பார்த்துவிட்டு வருகிற கோட்டை இல்லை. 1516-இல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று, போர்ச்சுகல் மன்னரிடமிருந்து போப்பாண்டவருக்குப் பரிசாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. வழியில் மார்சேய்க்கு எதிரே உள்ள தீவில் அதை இறக்கினார்கள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா நேரில் வந்து பார்த்தார். பிறகு அதே மன்னரின் ஆணைப்படி 1520-களில் இஃபில் கோட்டை எழுந்தது. நம் நாட்டுக் காண்டாமிருகத்தின் கதையை அந்தக் கோட்டைக்குள் நின்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். விருந்தாளி வருவதற்கு மூன்று நாள் முன்பே பிரெஞ்சு வானிலைத் துறையின் கணிப்பில் காற்றைப் பார்ப்பேன். சராசரி வேகத்தைக் கணக்கில் எடுக்காமல், இடையிடையே அடிக்கும் உச்ச வேகத்தைப் பார்ப்பேன். அது மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் இஃபை அன்றைய கணக்கில் சேர்ப்பதில்லை. காற்றில்லாத முதல் நாள் எதுவோ அது கடலுக்கு. வந்து இறங்கிய அன்றே ஆனாலும் சரி, பெட்டியை அறையில் போட்டுவிட்டுப் படகுக்குத்தான். கோயிலும் அருங்காட்சியகமும் எங்கேயும் ஓடிவிடாது.

இன்னொன்று. இந்த ஒரே காற்று மூன்றைக் கெடுக்கும். ஒன்று படகு. கோடையில் மிஸ்த்ரால் அடித்தால் காட்டுத்தீ பயத்தில், கலாங்க் என்ற கடலோரப் பாறைப் பகுதியின் நடைபாதைகளை மூடுவார்கள். கடலில் குளிக்கலாம் என்று போனால் அதுவும் நடக்காது. மேல்மட்ட வெதுவெதுப்பான நீரைக் காற்று கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஜூலை மாதத்தில்கூடக் கால் விறைத்துப்போகும்.

கலாங்குக்கு நினைத்தவுடன் கிளம்புவது

கலாங்க் என்பது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில் கடல் உள்ளே புகுந்த இடுக்குகள். 2012 முதல் தேசியப் பூங்கா. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மறுநாள் திறந்திருக்குமா என்பதை முந்தின நாள் மாலையில்தான் அறிவிப்பார்கள். அறிவிப்பில் சிவப்பு நிறம் என்றால் உள்ளே போகக்கூடாது, அபராதம் உண்டு.

சுஜித்தோன் கலாங்குக்கு 2022 முதல் கோடை நாட்களில் முன்பதிவு வேண்டும், ஒரு நாளைக்கு 400 பேருக்குத்தான் இடம். பணம் கிடையாது. கூட்டம் மிதித்து மிதித்து மண் அரித்துப்போய், மரங்களின் வேர் வெளியே வந்துவிட்டது. அதைத் தேற்றத்தான் இந்தக் கட்டுப்பாடு. லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை பஸ்ஸில் வந்து, முக்கால் மணி நேரம் நடந்து, முன்பதிவு கேட்டவுடன் திரும்புகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வழியில் தண்ணீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மீன் சந்தை தேடுவது

காலையிலேயே முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை முசெம்

முசெம் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

மலிவான புயாபேஸ்

துறைமுகத்தைச் சுற்றிப் பலகைகளில் புயாபேஸ் (இந்த ஊர் மீன் குழம்பு) என்று போட்டு 20 யூரோ விலை எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். முறையான புயாபேஸில் குறைந்தது நான்கு வகை மீன் வேண்டும் என்று 1980-இல் இந்த ஊர் உணவகங்கள் சில சேர்ந்து எழுதிவைத்த ஒப்பந்தமே இருக்கிறது. ராஸ்காஸ் என்ற முள் நிறைந்த பாறைமீன் அதில் முக்கியம். முதலில் குங்குமப்பூ போட்ட சாறு வரும், கூடவே பூண்டு தடவ வறுத்த ரொட்டி. அப்புறம் முழு மீன்களைக் கொண்டுவந்து காட்டி, உங்கள் முன்னாலேயே முள் நீக்கித் தருவார்கள். ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல் ஆகும். பல இடங்களில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அவ்வளவு செலவழிக்க மனமில்லையா, வெறும் மீன் சூப் கேளுங்கள். அதுவும் நல்ல சாப்பாடுதான், பொய்யும் இல்லை.

துறைமுகத்தின் வடகரையைப் ‘புதுக் கட்டடம்’ என்று ஒதுக்குவது

இரண்டாயிரத்து அறுநூறு வருடப் பழமையான ஊர், கரையோரம் எல்லாம் ஐம்பதுகளின் அடுக்குமாடியாக இருக்கிறதே என்று பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 1943 ஜனவரியில் ஜெர்மன் படையும் பிரெஞ்சுப் போலீசும் அந்தப் பகுதி மக்களை வெளியேற்றினார்கள். பிறகு ஜெர்மானியர்கள் வெடி வைத்து அந்தத் தெருக்களைத் தரைமட்டமாக்கினார்கள். நகர மண்டபம் போன்ற சில கட்டடங்கள் மட்டும் தப்பின. இப்போது நிற்பது போருக்குப் பிறகு ஃபெர்னான் பூய்யோன் முதலானவர்கள் கட்டியது. அந்த மஞ்சள் கல் சுவர்களைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பின்னாலிருக்கும் பானியே என்ற பழைய பகுதியின் சந்துகளுக்குள் ஏறுங்கள். எங்கே பழைய ஊர் அறுந்தது என்று காலடியிலேயே தெரியும்.

காற்று நாளில் அறைக்குள் உட்கார்ந்துவிடுவது

வேண்டாம். முசெம் பக்கத்தில் 2022-இல் திறந்த கோஸ்கே குகையின் பிரதி இருக்கிறது. அசல் குகையின் வாசல் கடலுக்கு அடியில் 37 மீட்டர் ஆழத்தில், கலாங்க் பாறைக்குள். ஆதி மனிதர்கள் வரைந்த குதிரைகளும் கைத்தடங்களும் அங்கே கிடைத்தன. துறைமுகத்தில் பார்த்த அந்தக் குடும்பத்தை அங்கேதான் அனுப்பினேன்.

மாமாவோடு, கோட்டை கைவிட்டுப்போன அன்றைக்கு மதியம் ஊரின் தெற்கே மசார்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்காக இந்தியச் சிப்பாய்கள் வந்து இறங்கியது இதே மார்சேயில்தான். இங்கே உயிர்விட்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் நினைவிடம் இருக்கிறது. அங்கும் காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. மாமா நனைந்த சட்டையோடு, கல்லில் இருந்த பெயர்களை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இவங்க வந்து எறங்குன அன்னைக்குக் காத்து எப்படி இருந்திருக்கும், மாப்ளே?”