மலேரியா மருந்து சாப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை "உடம்புச் சூடு". இளநீர் வாங்கி வருவார்கள். கண் மஞ்சளானால் காமாலை என்று கீழாநெல்லி அரைப்பார்கள். இந்தத் தாமதம்தான் ஆபத்து. உள்ளே உடைந்துகொண்டிருப்பது ரத்தச் சிவப்பணுக்கள். மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்குத்தான் இப்படி ஆகும். பரம்பரையாக வருவது, ஆண்களிடம் அதிகம். இந்தக் குறைபாடு 1956-இல் கண்டுபிடிக்கப்பட்டதே, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலச் சிறைக்கைதிகளிடம் நடந்த பிரைமாகுயின் ஆய்வுகளின் வழியாகத்தான். ஆகவே மாத்திரையைத் தொடங்கும் முன்பே "ஜி6பிடி டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். ரத்தம் உடைந்த கையோடு எடுத்த பரிசோதனை நார்மல் என்று வந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நொதி குறைந்த பழைய அணுக்கள் அழிந்து, நொதி கூடுதலாக உள்ள இளம் அணுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு பயந்து, பாதியில் மாத்திரையைத் தூக்கிப்போடுவதும் தவறுதான். விவாக்ஸ் என்ற வகை மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் காய்ச்சலை இறக்கிவிடும். கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியை ஒழிக்கத்தான் அந்த 14 நாள் பிரைமாகுயின். விட்டால் சில வாரத்திலோ மாதத்திலோ காய்ச்சல் திரும்பும். நொதி குறைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது: மருத்துவர் கண்காணிப்பில் அதே பிரைமாகுயின் வாரம் ஒரு முறை, எட்டு வாரம். மிச்ச மாத்திரையை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், அதிலும் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. தாய்க்குப் பரிசோதனை சரியாக இருந்தாலும் வயிற்றுப் பிள்ளையின் நொதி நிலை யாருக்கும் தெரியாது.

கடுமையான மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள் செய்யும் தவறு வேறு. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மறுபரிசோதனைக்குப் போகமாட்டார்கள். ஊசி முடிந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், கிருமி முற்றிலும் போன பிறகும், சிலருக்குச் சிவப்பணுக்கள் திடீரென உடையும். நொதி சரியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். நான்கு வாரம் வரை வாரம் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்ப்பது இதற்காகத்தான். ஊசி உயிர்காக்கும் மருந்து, அதில் சந்தேகமில்லை. அசதி, மூச்சு வாங்குதல், முகம் வெளுத்தல் இருந்தால் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குவினைன் என்ற மலேரியா மருந்தை ஏற்றும்போது வியர்த்துக் கொட்டினால் "காய்ச்சல் விடுது" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ரத்தச் சர்க்கரை தடாலென இறங்கியிருக்கலாம், கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் அதிகம். நர்ஸைக் கூப்பிட்டு சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், குளோரோகுயின் அட்டையை ஃபிரிட்ஜ் மேல் போட்டு வைக்காமல் பூட்டி வையுங்கள். கைக்குழந்தை ஒன்றிரண்டு மாத்திரை விழுங்கினாலே இதயம் நின்றுபோகலாம்.