பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்கும் முன்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கும்போது எதையுமே மாற்றக் கூடாது என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டியது, நாளைக்கு இதைப் பழையபடி திருப்ப முடியுமா என்பதைத்தான். போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியது என்றால் தாராளமாகச் செய்யலாம். வெட்டு, துளை, வெல்டிங் என்றால் வேண்டாம்.

எலக்ட்ரானிக் இக்னிஷன், அதாவது எஞ்சினுக்கான தீப்பொறியை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் கிட், நல்ல மாற்றம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. ஆனால் 1967-க்கு முந்தைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதற்கென்று உள்ள கிட்டையே வாங்குங்கள், இல்லையென்றால் எரிந்துபோகும்.

எஞ்சின் எண்ணில்தான் ரொம்ப கவனம் வேண்டும். பழைய ஷெவ்ரலே கார்வெட் வி8 எஞ்சினில் அது பிளாக்கின் முன்பக்கம், சிலிண்டர் ஹெட் உட்காரும் அதே தளத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மெஷின் ஷாப்பில் அந்தத் தளத்தைச் சீவினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். அப்புறம் அது வண்டியோடு பிறந்த எஞ்சின் என்று காட்டுவது பெரும்பாடு. எண் உள்ள இடத்தைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள், முன்பே படமும் எடுத்துவிடுங்கள்.

கழற்றிய கார்புரேட்டர், சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்றால் அவையும் கூடவே போகட்டும்.