ஒரே டிரைவ், மூன்று இயங்குதளங்கள்: தமிழ்க் கோப்புப் பெயர்ச் சிக்கல்களைச் சரிசெய்வது எப்படி?

மாமா ஒரு ஜிப் கோப்பு அனுப்பியிருந்தார். தாத்தாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து, எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். என் லினக்ஸ் கணினியில் விரித்ததும் 'கோவில்' என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் தெரிந்தன. ஒன்று நான் முன்பே வைத்திருந்தது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கவே முடியாதே! அதன் காரணத்தைத் தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எதையும் மாற்றும் முன் அந்த ஃபோல்டரை வேறொரு டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆகாத குறிகளைத் தேடுங்கள்

விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் இந்த ஒன்பது குறிகள் வரக்கூடாது: < > : " / \ | ? *

லினக்ஸுக்குச் சாய்கோடு (/) மட்டும்தான் ஆகாது. அதனால் லினக்ஸில் 'கடிதம் 10:30' என்று வைத்த பெயர் அங்கே நன்றாகவே வேலை செய்யும். அதே கோப்பை, எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பில் (டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) உள்ள பென் டிரைவுக்கு நகலெடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் உள்ள டிரைவ் என்றால் சில சமயம் நகல் ஆகிவிடும். பிறகு விண்டோஸில் திறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பயப்பட வேண்டாம், கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. டிரைவை மறுபடி லினக்ஸில் செருகிப் பெயரை மாற்றினால் போதும்.

கோப்புகள் நிறைய இருந்தால் உபுண்டுவின் கோப்பு மேலாளரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 விசையை அழுத்துங்கள். தேடி மாற்றும் வசதி வரும். முக்காற்புள்ளியைத் தேடி, அதன் இடத்தில் சிறுகோடு போடச் சொல்லுங்கள்.

பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் விண்டோஸில் தகராறுதான். இடைவெளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், பெயர் மாற்றும் பெட்டியில் கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

படி 2: கொம்பையும் காலையும் சோதியுங்கள்

என் இரண்டு 'கோவில்' ஃபோல்டர்களின் மர்மம் இதுதான். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுடன் 'ோ' என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். பள்ளியில் எழுதக் கற்றுக்கொண்டோமே, அந்தப் பிரிப்பேதான். கொ, கௌ வரிசைகளுக்கும் இது பொருந்தும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் லினக்ஸும் விண்டோஸும் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும்.

மேக்கின் பழைய கோப்பு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வடிவங்களையும் ஒரே பெயராக எண்ணும். அதனால் மேக்கில் இருக்கும்வரை சிக்கல் வெளியே தெரியாது. ஜிப் ஆகி வெளியே வரும்போதுதான் தெரியவரும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விண்டோஸில் பெயர் மாற்றும் பெட்டியைத் திறந்து, 'கோ'வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். 'க' மிஞ்சினால் அது சேர்ந்த வடிவம். 'கே' மிஞ்சினால் பிரிந்த வடிவம். லினக்ஸின் சில பெட்டிகளில் இரண்டு வடிவங்களுக்குமே 'கே' மிஞ்சலாம், அதனால் அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பார்த்ததும் எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

பிரிந்த வடிவத்தில் நாலைந்து கோப்புகள்தான் என்றால் பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் லினக்ஸில் 'கான்வ்எம்வி' (convmv) என்ற சிறு நிரலை நிறுவுங்கள். சேர்ந்த வடிவத்துக்கு அதில் உள்ள பெயர் என்எஃப்சி. எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம்: முதல்முறை இயக்கும்போது என்னென்ன மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டுமே காட்டும், எதையும் தொடாது. பட்டியலைப் பார்த்துத் திருப்தியான பிறகு உண்மையாகவே மாற்றச் சொல்லலாம்.

படி 3: நீளத்தை எண்ணிப் பாருங்கள்

விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு, லினக்ஸுக்கு வரும்போது 'பெயர் மிக நீளம்' என்று நிற்கிறதா? லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே தரும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறிகள்தான். 'திருவள்ளுவர்' நம் கணக்கில் 7 எழுத்து. கணினிக்கு 12 குறிகள், அதாவது 36 பைட். மொத்தம் 85 தமிழ்க் குறிகளோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸோ 255 குறிகள்வரை ஏற்கும். ஆகவே பெயரை விண்டோஸிலேயே சுருக்கிவிட்டு நகலெடுங்கள். நாற்பது தமிழ் எழுத்துகளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

படி 4: எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பண்புகளைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். குறைந்தால் ஏதோ ஒரு பெயர் இடறியிருக்கிறது. படி 1இலிருந்து மறுபடி பாருங்கள். டிரைவை இடையில் மேக்கில் செருகியிருந்தால் எண்ணிக்கை கூடவும் செய்யலாம். புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் குட்டிக் கோப்புகளை மேக் தன் குறிப்புகளுக்காக வைத்திருக்கும். அவற்றை அழித்தாலும் உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.