ஸ்பான்சர் ஒப்பந்தமா? நடத்தைப் பிரிவை முதலில் படியுங்கள்

சென்னை லீக்கில் ஒன்பது வருடம் வேகப்பந்து வீசினேன். 22 வயதில் ஒரு ஷூ ஒப்பந்தம் கிடைத்தது: வருடத்துக்கு நான்கு ஜோடி, கொஞ்சம் பணம். ஒரு மேட்சில் அவுட்டான பேட்ஸ்மேனுக்குப் பெவிலியன் பக்கம் கை காட்டினேன். நடுவர் எச்சரித்ததோடு விட்டார். கம்பெனி விடவில்லை. நடத்தைப் பிரிவில், அதாவது வீரரின் எந்த நடத்தைக்கு ஒப்பந்தம் ரத்தாகும் என்று சொல்லும் பகுதியில், இருந்த ‘கம்பெனியின் கருத்தில் நற்பெயருக்குக் கேடு’ என்ற ஒரே வரியை வைத்து ரத்து செய்தார்கள். நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களின் ஒப்பந்தங்களை நானே உட்கார்ந்து படிக்கிறேன்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, தவறு நடந்ததா என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதை. ‘கம்பெனியின் கருத்தில்’ என்று இருந்தால், ‘மேல்முறையீடு முடிந்தபின் வரும் இறுதித் தீர்ப்பின்படி’ என்று மாற்றச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் போர்ட் எலிசபெத் டெஸ்டில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா 11 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்மித்தை அவுட்டாக்கியபின் தோளில் இடித்ததாக 3 டீமெரிட் (தண்டனைப்) புள்ளிகள். 24 மாதத்தில் சேர்ந்த புள்ளிகள் எட்டைத் தொட்டதால் இரண்டு டெஸ்ட் தடை. மேல்முறையீட்டில் அது ஒரே புள்ளியாகவும் சம்பளத்தில் 25% அபராதமாகவும் குறைந்தது. அடுத்த டெஸ்டிலேயே ஆடினார். முதல் தீர்ப்பிலேயே ரத்து செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இப்படி ஜெயித்தும் பலன் இருக்காது.

அந்த அடுத்த டெஸ்ட்தான் கேப் டவுன், ஆஸ்திரேலிய வீரர்கள் பந்தை உப்புத்தாளால் தேய்க்கப் பார்த்த விவகாரம். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரு டெஸ்ட் தடை. ஆனால் ஒரு வாரத்துக்குள் அதில் சிக்கிய வார்னரையும் பான்கிராஃப்டையும் ஷூ கம்பெனி ஆசிக்ஸ் கைவிட்டது; ஆஸ்திரேலிய வாரியத்தோடு போட்ட மூன்று வருட ஒப்பந்தத்தை மெகெல்லன் என்ற முதலீட்டு நிறுவனம் முறித்தது. அது நியாயமான கோபம். ஏமாற்றுக்கும் சூதாட்டத்துக்கும் உடனடி ரத்து என்று கம்பெனி கேட்டால் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பழைய பதிவுகள். 2021இல் லார்ட்ஸில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆலி ராபின்சனுக்கு முதல் டெஸ்ட், ஏழு விக்கெட். 2012, 2013இல் எழுதிய இனவெறி ட்வீட்கள் முதல் நாளே வெளியே வந்து, அந்த டெஸ்ட் முடிந்ததும் இடைநீக்கம். கையெழுத்துக்கு முந்தைய நடத்தையும் பிரிவில் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் பழைய கணக்குகளையும் இன்றைக்கே ஒருமுறை கீழே வரை படித்துவிடுங்கள்.

ரத்தானால் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும்? மீதி மாதங்களுக்கு உரியது மட்டும் என்று எழுதி வாங்குங்கள். எல்லாத் திருத்தத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.