சார்ஜர் பெட்டியை அப்புறம் பாருங்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்: வீட்டில் கார் சார்ஜர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். கீசர் பத்து நிமிஷம். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானாக நின்று நின்று எரியும். நம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர்கள் இந்தக் கணக்கில்தான் செய்தார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. எலக்ட்ரிக் கார் வேறு மாதிரி. பேட்டரி காலியாக இருக்கும்போது ராத்திரி ஒன்பது மணிக்குச் செருகினால் விடியற்காலை ஐந்து வரை 15 ஆம்பியரைக் குறையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரத்தில். சார்ஜர் விஷயத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்தை யோசிக்காததால் வருபவை.

தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளிலேயே நான்கு இடத்தில் சார்ஜர் போட்டபோது கூட இருந்து பார்த்திருக்கிறேன். நான்கிலும் சுவரில் மாட்டுகிற பெட்டியைப் பற்றித்தான் ஒரு மாதம் பேச்சு: எந்தக் கம்பெனி, ஆப் உண்டா, வைஃபை உண்டா. வயருக்கும், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற எர்த்துக்கும் மிச்சம் இருந்த பணத்தில் ஏதோ ஒன்று. அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. 7.2 கிலோவாட் வாங்கினால் சீக்கிரம் ஏறும் என்று நினைத்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு வருகிற ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்குத் தருகிற வேலையைச் செய்வது காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் மாட்டுகிற பெட்டி பாதுகாப்பான ஒரு சுவிட்ச் மாதிரிதான். காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால் வெளியே எத்தனை பெரிய பெட்டி மாட்டினாலும் 3.3தான் ஏறும். டியாகோ இவி 2022ல் வந்தபோது 3.3, 7.2 என்று இரண்டு தேர்வுகளோடு வந்தது, ஆக ஒரே காரின் பெயரைச் சொன்னால்கூட போதாது, உங்கள் வண்டியில் இருப்பது எது என்று கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். அப்புறம் தினம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்ற கணக்கு. செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய் வந்து சாயந்திரம் ஒரு சுற்று சுற்றினாலும் 40 கிலோமீட்டர் தாண்டாது. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்றே வைத்தாலும் ஆறு யூனிட், 3.3 கிலோவாட்டில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆரியங்காவு மலை ஏறி புனலூர், கொல்லம் என்று அடிக்கடி போய் வருகிறவருக்கு, அல்லது வீட்டில் இரண்டு கார் இருந்தால், 7.2 நியாயம். மற்றவர்களுக்குக் காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜரே போதும், ஆனால் அதைச் செருகுகிற பிளக் பாயிண்டைப் புதிதாகப் போட வேண்டும்.

பழைய பவர் பிளக்கில் செருகுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. அந்தத் தொடுமுனையில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 16 ஆம்பியர் ஓடும்போது அங்கே 25 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் எட்டு மணி நேரம் எரிய விட்டால் என்ன ஆகும்? 7.2 கிலோவாட் பெட்டி இழுக்கும் 32 ஆம்பியர் என்றால் அதே தடையில் 100 வாட் தாண்டும். அதனால் கார் நிறுத்துகிற இடத்திலேயே நல்ல தரமான 16 ஆம்பியர் சாக்கெட், முடிந்தால் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். கார் சார்ஜர் அதில் நேராகப் பொருந்துமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், இடையில் அடாப்டர் செருகினால் அதுவும் ஒரு தளர்ந்த தொடுமுனைதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, ஒரு நாளைக்கு மட்டும் என்றாலும்.

வயர் மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும், நடுவில் வேறு எந்த பாயிண்டுக்கும் பிரியாமல், ஜாயிண்ட் போடாமல். 16 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு, 32 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர், தூரம் 30 மீட்டருக்கு மேல் என்றால் 10. கடைக்காரர் 2.5 போதும் என்பார், கிரைண்டருக்குப் போதும். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி.யும் தனி: 16 ஆம்பியருக்கு 20, 32 ஆம்பியருக்கு 40.

இப்போது எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

புளியரையில் இருக்கும் சித்தப்பா சித்திரை மாதம் ஒரு நாள் போன் செய்தார். "எய்யா, சார்ஜர்ல சிவப்பு லைட்டு எரியுது, சார்ஜே ஏற மாட்டேங்கு." ஆடிச் சாரலில் மாட்டியது, எட்டு ஒன்பது மாதம் ஒழுங்காக ஏறியிருக்கிறது. நான் போவதற்குள் ஓர் எலக்ட்ரீஷியன் வந்து ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார். "இனிமே லைட்டு எரியாது அண்ணாச்சி" என்றாராம். உண்மைதான், எரியவில்லை. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகிற வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருக்கிறார்.

இது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சார்ஜர் ஒவ்வொரு முறையும் எர்த் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நியூட்ரலை அதில் கோத்துவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அது ஏமாந்துபோகும். காரின் உடம்பு முழுக்க இப்போது நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. காற்றில் மரக்கிளை விழுந்து எங்கோ நியூட்ரல் அறுந்தால், அல்லது அந்த நியூட்ரல் திருகு தளர்ந்தால், 230 வோல்ட் நேராகக் கார் கதவுக்கு வரும். மின்சாரம் கசிந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் கசிகிற மின்சாரமும் அதே நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுவதால் அதற்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். மழையில் வெறுங்காலோடு கார் கதவைத் தொடுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சித்தப்பா வீட்டில் அந்தத் துண்டு வயரை வெட்டி எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

உண்மையான காரணம் சாதாரணமானது. மலையடிவாரத்தில் இரண்டு அடி தோண்டினால் பாறை. எர்த் குழியைச் சாரல் காலத்தில் மேலோட்டமாகப் போட்டிருக்கிறார்கள், மண் ஈரமாக இருந்தபோது நன்றாக வேலை செய்தது, பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் தடை பல மடங்கு ஏறிவிட்டது. அதனால் எர்த்தை மழை நாளில் அளந்து திருப்திப்படாதீர்கள். கோடையில், எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. குழாய் எர்த் என்றால் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 சொல்கிறது. பாறை விடவில்லை என்றால் இடத்தை மாற்றித் தோண்டுங்கள், சற்றுத் தள்ளி இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைத்தால் தடை நன்றாகக் குறையும். கரி, உப்பு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு குழாய். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர்.

யாராவது நியூட்ரலைக் கோத்திருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. கார் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்கான இணைப்பில் லோடு இருக்கும்போது ஓரிரு வோல்ட் காட்டும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், நீங்கள் செய்ய வேண்டாம்.

எர்த் நன்றாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். புனலூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் இதை ஈ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள். எர்த் தடை 50 ஓம் என்றால் மின்சாரம் வருகிற ஃபேஸ் வயர் காரின் உடம்பைத் தொட்டாலும் 5 ஆம்பியருக்குக் குறைவாகத்தான் மண்ணுக்குப் போகும், 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. ஆர்.சி.சி.பி. மட்டும்தான் விழும். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே என்பீர்கள், அது பெரும்பாலும் ஏ.சி. வகையாக இருக்கும், முகப்பில் ஒரே ஓர் அலைக் குறி. காரிலிருந்து டிசி கசிந்தால் அந்த வகை மரத்துப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருந்துவிடலாம். அலைக்குக் கீழே மேடு மேடாக இன்னொரு குறி உள்ள டைப் ஏ வாங்குங்கள், சார்ஜர் பெட்டிக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் டைப் பி தேவைப்படும், விலை அதிகம். பெட்டி ஐ.எஸ். 17017 தரத்துக்கு உட்பட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இங்கே சாரல் மேலிருந்து விழுவதில்லை, கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். ஷெட் கூரை இருக்கிறது என்று பெட்டியைக் காற்று வரும் மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். பெட்டி தூசியையும் தண்ணீரையும் தாங்கும் அளவு ஐ.பி. 55 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், வயர் கீழேயிருந்து நுழையட்டும், நுழைகிற ஓட்டையில் வயரைச் சுற்றி அடைக்கிற கிளாண்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், எலியும் பல்லியும் எறும்பும் உள்ளே போகாது. சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்கு மெயின் போர்டில் ஒரு சர்ஜ் அரெஸ்டர்.

சரி, ஈபி விஷயம். உங்கள் சர்வீஸுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பார்க்காமல் 7.2 மாட்டுகிறார்கள், ஒற்றை ஃபேஸ் வீட்டில்கூட. முதலில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள், தேவைப்பட்டால் மூன்று ஃபேஸுக்கு மாறுங்கள். மூன்று ஃபேஸ் வந்த பிறகும் கார், ஏசி, கீசர் மூன்றையும் ஒரே ஃபேஸில் போட்டுவிட்டு வோல்டேஜ் இல்லை என்று வருத்தப்படுகிற வீடுகள் உண்டு. பில்லிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் கட்டணப் படிநிலையே மொத்தமாக மாறுகிறது, 300 யூனிட் செலவழித்துக்கொண்டிருந்த வீடு காரோடு சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். காருக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024ல் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. உங்கள் ஓட்டத்துக்கு எது மலிவு என்று இரண்டையும் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

தோட்டத்து மோட்டார் சர்வீஸிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று சிலருக்குத் தோன்றுகிறது, இலவச மின்சாரம்தானே என்று. வேண்டாம். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 2003ன் 126ஆம் பிரிவில் வரும், இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். நம் அப்பாக்கள் தாத்தாக்கள் போராடி வாங்கிய சலுகை அது, காருக்காக அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தரக் கூடாது.

இன்வெர்ட்டர் லைனிலும் சார்ஜரைக் கோக்க வேண்டாம், கரண்ட் போன நிமிஷமே அது திணறும்.

எல்லாம் முடிந்து முதல் நாள் ராத்திரி செருகிய பிறகு உடனே தூங்கப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் வெளிப்பக்கத்தையும் எம்.சி.பி. முகப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள், சூடேறி ஆறி ஏறி ஆறி செம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். சித்தப்பா வீட்டில் புது எர்த் போட்ட பிறகு அப்படிப் பார்த்தோம். எம்.சி.பி.யின் திருகு அரைச் சுற்று உள்ளே போனது.